உப்பில்லாத பாணன் வீடும் மாரந்தைப் பாடகரும்

மரக்காணத்துக்காரர்கள் சிறுபாணாற்றுப்படையை ஒரு தடவையாவது படிக்க வேண்டும் என்று நான் பல வருஷமாகச் சொல்லி வருகிறேன். பத்துப்பாட்டில் ஒன்று. மொத்தம் 269 அடிதான். ஒரு மத்தியானத்தில் படித்து முடித்துவிடலாம். எழுதியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். நமக்கு வடக்கே இருக்கிற அதே இடைக்கழிநாடுதான். பாடப்பட்டவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். அவன் ஊர் கிடங்கில், இன்றைய திண்டிவனத்துக்குள் அடங்கிப்போன பகுதி. பாணர்கள் போகிற வழியில் வரும் எயிற்பட்டினம் நம் மரக்காணம்தான் என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். ஆக, பாட்டும் நம்முடையது, புலவரும் நம் பக்கத்தவர், வள்ளலும் நம் பக்கத்தவன்.

எயிற்பட்டினத்துப் பரதவர் பெண்கள் பாணர்களுக்குத் தேறலும் சுட்ட மீனும் கொடுப்பார்கள் என்று அதில் வருகிறது. சரி, ஊர்ப் பெருமைக்கு அது போதும். ஆனால் எனக்கு மறக்காத இடம் வேறொன்று. வள்ளலைப் பார்ப்பதற்கு முன் பாணன் வீடு எப்படி இருந்தது என்று புலவர் சொல்கிறார். அடுப்படியில் நாய் குட்டி போட்டிருக்கிறது. அதற்கே பால் வற்றிப்போய்க் குட்டிகளை அண்டவிடாமல் குரைக்கிறது. பாணன் மனைவி குப்பைமேட்டில் முளைத்த கீரையைக் கிள்ளிவந்து வேகவைக்கிறாள். போட உப்பில்லை. உப்பில்லாமல் வேகவைத்ததை அக்கம்பக்கத்தார் பார்த்து ஏளனம் செய்வார்களே என்று கதவைச் சாத்திக்கொண்டு, சுற்றமும் தாங்களுமாகச் சாப்பிடுகிறார்கள்.

முப்பது வருஷம் உப்பளத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தவன் நான். அம்பாரம் அம்பாரமாக உப்பைப் பார்த்தே கண் கூசிப்போனவன். உப்புக்கு வழியில்லாத பாட்டுக்காரன் வீடு என்று படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். பாட்டுக்காரனைக் கொண்டாடுகிற தமிழ்நாடுதான் அவன் வீட்டு அடுப்பை மறந்துபோனதும். பிற்காலத்தில் பாணர் குடியே சமூகத்தின் அடித்தட்டுக்குத் தள்ளப்பட்டது. புறநானூற்றின் 335ஆம் பாட்டு பாணனையும் பறையனையும் ஒரே மூச்சில், சிறந்த குடிகளாகச் சொல்கிறது. அந்தப் பெயர்கள் பின்னாளில் என்ன ஆயின என்பது நமக்குத் தெரியும்.

இன்றைக்கு நான் எழுத வந்தது அந்தப் பழைய பாணனைப் பற்றி அல்ல. நம் காலத்தில், நம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே, காலாப்பட்டில் பல ஆண்டுகள் பேராசிரியராக இருந்த ஒரு பாடகரைப் பற்றி. கே.ஏ. குணசேகரன். நாடகக்காரர், ஆய்வாளர், 'வடு' எழுதியவர் என்றெல்லாம் அவரைப் படித்தவர்கள் அறிவார்கள். பாடகர் என்று சொன்னால்தான் ஜனங்களுக்குத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரியும்.

அவர் பிறந்தது 1955 மே 12. ஊர் இளையான்குடி பக்கத்து மாரந்தை. இன்று சிவகங்கை மாவட்டம். பறையர் குடும்பம். அந்தப் பக்கம் வானம் பார்த்த பூமி. இளையான்குடி இஸ்லாமியர் நிறைந்த ஊர். அங்கே படித்த காலத்தில் முஸ்லிம் குடும்பங்கள் தன்னிடம் சாதி பார்க்காமல் பழகியதையும், அதே காலத்தில் சுற்றுவட்டக் கிராமங்களுக்குப் போனால் சாதி எப்படி முகத்தில் அறைந்தது என்பதையும் 'வடு'வில் அடுத்தடுத்து வைத்து எழுதியிருக்கிறார். ஒரே பையன். இந்த ஊரில் மனிதன், நாலு மைல் தள்ளிப் போனால் வேறு. பள்ளியில் உதவித்தொகைக்காகச் சாதிப் பெயரைச் சொல்லி எழுப்பி நிறுத்துகிற கூச்சமும் அதில் வருகிறது. நம் வயதுக்காரர்கள் பலர் அந்தக் காட்சியைப் பார்த்திருக்கிறோம். எழுந்து நின்றவர்களும் நம்மில் உண்டு, உட்கார்ந்தபடி வேடிக்கை பார்த்தவர்களும் உண்டு.

அந்தப் பையனுக்கு மற்றவர்கள் நடுவில் ஒரு இடம் பிடித்துக் கொடுத்தது குரல். நல்ல குரல் இருக்கிறவனை ஊர் ஒரு நிமிஷம் நின்று கேட்கும். கேட்கிற அந்த நேரம் சாதி கேட்காது. பாட்டு முடிந்ததும் கேட்கும் என்பது வேறு விஷயம். சிவகங்கை மன்னர் துரைசிங்கம் கல்லூரியில் படித்தபோது அங்கே ஆசிரியராக இருந்தவர் கவிஞர் மீரா. அன்னம் பதிப்பகம் நடத்திய அதே மீரா. புதுக்கவிதையும் இடதுசாரி மேடையும் நாட்டுப்பாட்டும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்த காலம் அது. குணசேகரன் அந்த மேடைகளில் பாட ஆரம்பித்தார்.

இங்கே கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். நாட்டுப்பாட்டு எப்படிப் புத்தகத்துக்குள் போனது என்று தெரிந்தால்தான் அவர் செய்தது என்ன என்று விளங்கும்.

சார்லஸ் கோவர் என்ற ஆங்கிலேயர் 1871இலேயே தென்னிந்திய நாட்டுப்பாடல்கள் என்று ஒரு நூல் போட்டார். பெர்சி மாக்வீன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி ஊர் ஊராகப் பாட்டுகளை எழுதி வாங்கிச் சேர்த்துவைத்தார். அதைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்து, தஞ்சை சரஸ்வதி மகால் 1958இல் 'மலையருவி' என்று வெளியிட்டது. பிறகு பேராசிரியர் நா. வானமாமலை. அவர்தான் இந்தப் பாட்டுகளை ரசனைக்காக மட்டும் பார்க்காமல், உழைக்கிறவன் எழுதாமல் விட்ட சரித்திரமாகப் பார்த்தார். இவர்கள் இல்லையென்றால் பாதி பாட்டு காற்றோடு போயிருக்கும். ஆனாலும் பாட்டு தாளில் ஏறினதும் ஒன்று நடந்தது. மெட்டு கழன்று விழுந்துவிட்டது. யார் பாடினாள், எந்த வேலைக்கு நடுவில் பாடினாள், பின்பாட்டு யார் என்பதெல்லாம் அடிக்குறிப்பாகிவிட்டது.

நம் உப்பளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தை மாசத்தில் பாத்தி மிதிப்பார்கள். போன மழையில் குழைந்த களிமண்ணைக் காலால் மிதித்து மிதித்துச் சிமெண்டுத் தரை மாதிரி ஆக்க வேண்டும். இல்லாவிட்டால் உப்பில் மண் ஏறி நிறம் மட்டுப்படும், விலையும் போகாது. வரிசையாக நின்று மிதிக்கும்போது கால் ஒரு தாளத்துக்கு வந்தே தீரும். தாளம் வந்தால் பாட்டு வரும். ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். அதில் அளத்துக்காரனையும் கணக்குப்பிள்ளையையும் கிண்டல் செய்கிற அடிகள் வரும். நான் வரப்பில் நடந்து வரும்போது சட்டென்று குரல் இறங்கும். எனக்கும் புரியும், புரியாத மாதிரி நடப்பேன். கழுவெளித் தண்ணீரை ஏற்றம் போட்டு இறைத்த காலத்தில் ஏற்றப்பாட்டும் இருந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். சால் எண்ணிக்கை தவறாமல் இருக்கத்தான் அந்தப் பாட்டே. ஆயில் எஞ்சின் வந்தது. சால் போனது, எண்ணிக்கை போனது, பாட்டும் போனது. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. தோள் வலிக்க ஏற்றம் இறைத்தவனிடம் போய், எஞ்சின் வேண்டாம், பாட்டு போய்விடும் என்று எவன் சொல்வான்?

வேலையோடு பிறந்த பாட்டு, வேலை மாறினால் செத்துப்போகும். அதைக் காப்பாற்ற இரண்டு வழி. ஒன்று, புத்தகத்தில் பாடம் பண்ணி வைப்பது. இன்னொன்று, அந்த மெட்டை எடுத்துக்கொண்டு போய்ப் புதிய சொல்லைச் சுமக்க வைப்பது. குணசேகரன் இரண்டையும் செய்தார். ஊர் ஊராகப் பாட்டு சேகரித்தார், நாட்டுப்புறக் கலைகளை ஆய்ந்து முனைவர் பட்டம் வாங்கினார். அது பேராசிரியர் வேலை. மாலையில் அதே மெட்டுகளை மேடைக்குக் கொண்டுபோனார். அவருடைய குழுவின் பெயர் 'தன்னானே'. பெயரைப் பாருங்கள். நாட்டுப்பாட்டில் சொல் தொடங்குவதற்கு முன், மெட்டைப் பிடித்துக்கொள்ளப் பாடுகிற அசை அது. பொருள் கிடையாது. பொருள் இல்லாததால் எந்தப் பொருளையும் அதற்குப் பின்னால் வைக்கலாம்.

இப்படிச் செய்தவர் அவர் ஒருவர் மட்டுமில்லை. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன், கம்யூனிஸ்டு மேடைகளில் ஜனங்களுக்குத் தெரிந்த மெட்டில் அரசியலை ஏற்றிப் பாடியவர். 1958இல் கேரளத்துத் தேவிகுளம் இடைத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர் நடுவே அவர் பாடியது பெரிதாகப் பேசப்பட்டது. தம்பிமார் அந்தக் குழுவில் வளர்ந்தார்கள். அதில் ஒரு தம்பி 1976இல் 'அன்னக்கிளி'க்கு இசையமைத்தார். அதன் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். நமக்கு முந்தைய தலைமுறையைக் கேட்டால் 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்ததைச் சொல்வார்கள். அந்த நடைக்கு நாமக்கல் கவிஞர் வழிநடைப் பாட்டு எழுதிக் கொடுத்தார். உப்புக்கும் பாட்டுக்கும் தமிழ்நாட்டில் உறவு பழையது.

இனி 'மனுசங்கடா'வுக்கு வருகிறேன்.

எழுதியவர் இன்குலாப். இயற்பெயர் சாகுல் அமீது, 1944இல் கீழக்கரையில் பிறந்தவர், சென்னை புதுக்கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும், ஒரு குடிசைக்குள் எரிந்துபோனார்கள். அந்த நெருப்பிலிருந்து எழுந்த பாட்டு என்றே இதை எல்லோரும் அறிவார்கள். வெண்மணி தஞ்சைக்காரர் சமாச்சாரம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க முடியாது. 1978இல் நம் விழுப்புரத்திலேயே 12 பேர் கொல்லப்பட்டார்கள்.

அந்தப் பாட்டின் சொல்லமைப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தலைப்பு ஒன்றே போதும். 'நாங்களும் மனிதர்கள்' என்று எழுதியிருந்தால் அது கலெக்டர் ஆபீசில் கொடுக்கிற மனு. 'மனுசங்கடா' என்றதும் எதிரில் நிற்கிறவன் முகத்தைப் பார்த்துச் சொல்வதாகிவிடுகிறது. அந்த 'டா' இருக்கிறதே, அதுவரை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு மட்டுமே போய்க்கொண்டிருந்த எழுத்து அது. அறுபது வயதுக் கிழவனைப் பத்து வயதுப் பையன் 'டா' போட்டுக் கூப்பிட்ட ஊர்கள் நமக்குத் தெரியும். முதல் முறையாக அது திரும்பி வந்தது, அதுவும் மெட்டோடு.

எழுதியது இன்குலாப் என்றாலும் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது குணசேகரனின் தொண்டை. 'மனுசங்கடா' என்ற பெயரிலேயே ஒலிநாடாவும் வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டித் தமிழ்நாடு முழுக்கத் தலித் இயக்கங்கள் எழுந்த நேரம். கூட்டம் தொடங்குமுன் ஒலிபெருக்கிக்காரர் முதலில் போடுகிற நாடா அதுதான். கரகரத்த கூம்பு ஒலிபெருக்கியில், பறை அடிக்குப் பின்னால், அடிவயிற்றிலிருந்து எழும்பி வரும் அந்தக் குரல். பயிற்சி பெற்ற கச்சேரிக் குரல் கிடையாது. வயல் வரப்பில் நின்று அடுத்த வயலுக்குக் கேட்கிற மாதிரி பாடுகிற குரல். பாட்டைக் கேட்டு ஒருவரும் தலையாட்டி ரசித்து நான் பார்த்ததில்லை. சிலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சிலர் எழுந்து போனார்கள்.

பாட்டோடு பறை வந்ததும் அன்றைக்குச் சாதாரண விஷயமில்லை. இளைஞர்களுக்கு இது தெரியாது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மரச்சட்டத்தில் தோல் இழுத்து ஒட்டிய கருவி பறை. ஈரக்காற்று பட்டால் தொய்ந்துவிடும். நெருப்பில் காட்டினால்தான் விறைக்கும். நம் கடற்கரையில் அடிக்கடி காய்ச்ச வேண்டியிருக்கும். இடது கையில் நீளமான மெல்லிய குச்சி, வலது கையில் கட்டையான அடிகுச்சி. கையில் எடுத்தவனுக்கு அது தாளக்கருவி. ஊருக்கோ அது சாவுக்கு அடிக்கிறது, அடிக்கிறவன் கீழ்ச்சாதி. சாவு விழுந்தால் சேரிக்கு ஆள் போகும், கூலி கேட்காமல் வந்து அடிக்க வேண்டும்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சேரி இளைஞர்கள் பல ஊர்களில், இனி பறை அடிக்க மாட்டோம் என்று நின்றார்கள். சில இடத்தில் பறையை உடைத்தார்கள், எரித்தார்கள். அதற்காக அடிபட்டார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் முழுசாக இருந்தது. அடிமைத்தனத்தின் அடையாளத்தை எவன் கழுத்தில் மாட்டிக்கொள்வான்? எதிர்ப்பக்கத்தில் இன்னொரு வாதம் எழுந்தது. பறையில் என்ன குற்றம்? குற்றம் அடிக்கச் சொன்ன கட்டாயத்தில் இருக்கிறது. சாவு வீட்டிலிருந்து மேடைக்கு எடுத்து வருவோம், நம் விருப்பத்துக்கு அடிப்போம், அவர்கள் உட்கார்ந்து கேட்கட்டும். குணசேகரன் இந்த இரண்டாவது அணி. அவர் மேடையில் பறையை ஏற்றினார், நாடகத்தில் ஏற்றினார், பல்கலைக்கழகத்துக்குள்ளும் கொண்டுபோனார்.

என் அபிப்பிராயம் கேட்டால், இரண்டு தரப்பும் வேண்டியிருந்தது என்பேன். முதலில் சிலர் அடிக்க மறுத்ததால்தான் பின்னால் மற்றவர்கள் விரும்பி அடிக்க முடிந்தது. மறுக்க முடியாதவன் கையில் இருக்கிறவரை அது கலை ஆகாது. இன்று பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் பெண்பிள்ளைகள் சலங்கை கட்டிப் பறை அடிக்கிறார்கள். மற்ற சாதிப் பிள்ளைகளும் அடிக்கிறார்கள். பெற்றோர் செல்போனில் படம் எடுக்கிறார்கள். இது தானாக வந்துவிடவில்லை.

பெங்களூரில் வேலை பார்க்கிற என் பேரன் 'பங்க்' என்ற ஆங்கிலப் பாட்டு வகையைக் கேட்பவன். அவன் போட்டுக் காட்டியதில் பாதி எனக்குக் காதுக்கு ஆகவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் கதை எனக்குப் பிடித்தது. 1976 வாக்கில் லண்டனில் வேலையில்லாத் திண்டாட்டம். பெரிய பெரிய ராக் குழுக்கள் லாரி லாரியாகக் கருவிகளோடு கச்சேரி செய்து கொண்டிருந்தன. அப்போது சில பையன்கள், மூன்று ஸ்வரக்கட்டு வாசிக்கத் தெரிந்தால் போதும், பாட்டு நம்முடையது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம் என்று கிளம்பினார்கள். அதில் ஒரு குழு 'தி கிளாஷ்'. அதன் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர். இயற்பெயர் ஜான் மெல்லர். பங்க் பாடுவதற்கு முன் அவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'வுடி'. அமெரிக்காவில் புழுதிப்புயலாலும் கடனாலும் ஊரைவிட்டுப் போன விவசாயிகளைப் பாடிய நாட்டுப்பாடகர் வுடி கத்ரியின் பெயர். பார்த்தீர்களா, கத்துகிற பாட்டுக்காரன் வேரைத் தோண்டினால் நாட்டுப்பாட்டுக்காரன் இருக்கிறான். 1978 ஏப்ரலில் லண்டன் விக்டோரியா பூங்காவில் நிறவெறிக்கு எதிரான பெரிய கச்சேரியில் கிளாஷ் பாடியது. கூட்டத்தில் நின்று கேட்டவர்களில் பில்லி பிராக் என்ற இளைஞரும் ஒருவர். அவர் பின்னாளில் ஒரே ஒரு கிதாரை வைத்துக்கொண்டு தொழிலாளர் போராட்டங்களில் பாடினார். 1998இல், கத்ரி மெட்டுப் போடாமல் விட்டுப்போன வரிகளுக்கு மெட்டுப் போட்டு ஒரு தொகுப்பும் கொண்டுவந்தார். பிராக் 1957இல் பிறந்தவர். குணசேகரனுக்கு இரண்டு வயது இளையவர்.

இவர்கள் ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டிருக்கத் தேவையில்லை. ஆனால் வேலை ஒன்றுதான். கையில் கிடைத்த கருவி, ஜனங்களுக்கு முன்பே தெரிந்த மெட்டு, சுற்றி வளைக்காத சொல். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. லண்டன் பையன் கிதாரை எடுத்தபோது, இதை எடுத்தவன் இழிந்தவன் என்று யாரும் சொல்லவில்லை. இங்கே கருவியையே மீட்க வேண்டியிருந்தது.

புதுவைப் பல்கலைக்கழகம் 1985இல் தொடங்கியது. அதன் நாடகப் பள்ளிக்குச் சங்கரதாஸ் சுவாமிகள் பெயர். பொருத்தமான பெயர். சுவாமிகள் 1922இல் காலமானது புதுவையில்தான். சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. பள்ளியின் ஆரம்ப காலத்தில் தலைமை தாங்கியவர் இந்திரா பார்த்தசாரதி. அங்கே பிறகு வந்து சேர்ந்து துறைத் தலைவராகவும் ஆனவர் குணசேகரன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் எழுதிய 'பலி ஆடுகள்' நாடகத்தைத் தமிழின் முதல் தலித் நாடகம் என்று பலரும் குறிப்பிடுகிறார்கள். தேரோட, கோயில் செழிக்க, யாரைப் பலி கொடுப்பது என்ற பழைய கேள்விதான் விஷயம். புதுவையிலிருந்து 'நிறப்பிரிகை' போன்ற இதழ்கள் தலித் இலக்கியம் பற்றிச் சூடாக விவாதித்த காலமும் அதுவே. காலாப்பட்டுப் பக்கம் பஸ்ஸில் போகும்போது நாம் பார்த்த அந்தக் கட்டடங்களுக்குள் இத்தனை நடந்திருக்கிறது. நாம் மீன் விலையும் உப்பு விலையும் பேசிக்கொண்டு கடந்துபோனோம்.

2005இல் 'வடு' வந்தது. சின்னப் புத்தகம். 2009இல் ஆங்கிலத்திலும் வந்தது. அதில் கோபம் கத்துவதில்லை. பல இடங்களில் சிரிப்பு வருகிறது, சிரித்து முடித்த பிறகுதான் எதற்குச் சிரித்தோம் என்று உறுத்துகிறது. பாட்டில் உச்சத்தில் நின்றவர் உரைநடையில் இவ்வளவு தணிந்து பேசுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தரமணியில் உள்ள உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்துக்கும் இயக்குநராக இருந்தார். பதவிகளைப் பற்றி இவ்வளவு போதும்.

2013 ஏப்ரல் 25ஐப் பற்றி எழுதாமல் இந்தக் கட்டுரையை மரக்காணத்தில் உட்கார்ந்து எழுத எனக்கு மனசு வரவில்லை. சித்திரை முழுநிலவு விழாவுக்கு மாமல்லபுரம் போகிற வண்டிகள் நம் சாலையில் வரிசை கட்டிப் போன நாள். மோதல் மூண்டது. நம் ஊரில் தலித் குடிசைகள் எரிந்தன. உயிர்களும் போயின. யார் முதலில் கல்லெறிந்தார்கள் என்று இரண்டு பக்கமும் இரண்டு கதை சொல்லும். அதற்குள் நான் போகவில்லை. கூரை எரிந்தது எல்லோரும் பார்த்தது. அளத்தில் ஒரே பாத்தியில் எதிரெதிராக நின்று உப்பு வாருகிறவர்கள் இரண்டு தெருவிலும் இருக்கிறார்கள். உப்புத் தண்ணீர் யார் காலையும் ஒரே மாதிரிதான் அரிக்கும். அந்த வாரம் அளத்துக்கு ஆள் வரவில்லை. பிறகு வந்தபோதும் பல நாள் பேச்சில்லை. 1968இன் நெருப்புக்கு எழுதிய பாட்டு எங்கள் தெரு முனையில் 2013இல் பொருள்படும் என்று, தொண்ணூறுகளில் ஒலிபெருக்கியில் கேட்டபோது நான் நினைக்கவில்லை.

குணசேகரன் 2016 ஜனவரி 17 அன்று புதுச்சேரியில் காலமானார். வயது அறுபதுதான். அதே நாளில் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலா என்ற தலித் ஆராய்ச்சி மாணவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். நாடெங்கும் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்தச் செய்தியின் இரைச்சலில் நம் பாடகரின் மறைவு தமிழ்நாட்டுக்கு வெளியே அதிகம் கேட்கவில்லை. அதே வருஷம் டிசம்பர் 1ஆம் தேதி இன்குலாபும் போய்ச் சேர்ந்தார். எழுதியவரும் பாடியவரும் ஒரே ஆண்டில். அடுத்த ஆண்டு இன்குலாபின் 'காந்தள் நாட்கள்' தொகுப்புக்குச் சாகித்திய அகாதெமி விருது அறிவித்தது. அவர் இருந்திருந்தால் வாங்கமாட்டார் என்று குடும்பத்தார் மறுத்துவிட்டார்கள். அம்ஷன் குமார் எடுத்த ஒரு திரைப்படத்துக்கும் 'மனுசங்கடா' என்றே பெயர். இறந்த தந்தையின் உடலைப் பொதுவழியில் எடுத்துப்போக ஒரு மகன் நடத்துகிற போராட்டம் அதன் கதை.

2018 ஜனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழு முதல் கச்சேரி செய்தது. இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த குழு, பத்தொன்பது பேர். கானாவும் பறையும் கிதாரும் ராப்பும் ஒரே மேடையில். பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் சொல்லாட்சியிலிருந்து எடுத்தது. அதில் பாடிய அரக்கோணத்து அறிவு இன்று உலகறிந்தவர். பேரன் அதைப் போட்டுக் காட்டியபோது சத்தத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. முதல் அடியிலேயே பறை விழுந்தது. எனக்கு அது தெரிந்த சத்தம்.

என்னிடம் அந்தப் பழைய நாடா இன்னும் இருக்கிறது. உப்புக்காற்றில் இரும்புத் திருகெல்லாம் துருப்பிடித்து, நாடாவும் ஒட்டிக்கொண்டுவிட்டது. போட்டுக் கேட்கப் பெட்டியும் இல்லை. பாட்டு செல்போனில் கிடைக்கிறது, சுத்தமாகவே கிடைக்கிறது. கிடைக்காதது நம் அளத்துப் பாட்டு. பாத்தி மிதிக்கும்போது எடுத்துக் கொடுப்பாரே, கூனிமேட்டுப் பக்கத்து அந்த அம்மா, அவருக்கு இப்போது எண்பதுக்கு மேல் இருக்கும். கண் தெரியவில்லை, குரல் இருக்கிறது. போன மாசம் போய்க் கேட்டேன். கணக்குப்பிள்ளையைத் திட்டுகிற பாட்டைத்தான் முதலில் பாடுவேன், சம்மதமா என்றார். சம்மதம் என்றேன். தை பிறந்ததும் வரச் சொல்லியிருக்கிறார்.